ரோட்டை விட்டு இறங்காதேங்கோ

“சித்தப்பா, ரோட்டை விட்டு இறங்காதேங்கோ.”

ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டு அவள் ஹெல்மெற்றைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வீதியோரத்துப் பாலை மரத்தின் கீழ் மஞ்சள் மஞ்சளாகப் பழம் கொட்டிக் கிடந்தது. கண்டதும் கால் தானாக நடந்துவிட்டது. மூன்றடி வைத்திருப்பேன், குரல் வந்தது. அதட்டல் இல்லை. ஆனால் இரண்டாந்தரம் சொல்லத் தேவையில்லாத குரல்.

“இது கிளியர் பண்ணின காணியெண்டுதான் நினைக்கிறன். ஆனா நினைக்கிறது காணாது. நில்லுங்கோ, நான் எடுத்துத் தாறன்.”

தாரின் விளிம்பில் குந்தியிருந்து, கைக்கெட்டிய தூரத்தில் கிடந்த பழங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எட்டாதவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாலைப்பழம் தின்றால் உதட்டில் பால் பிசுபிசுக்கும். இருவரும் உதட்டைத் துடைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றோம்.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்குப் போகும் வீதி அது. 1996 இல் இதே வீதியில் இவளுடைய தகப்பன் என் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. “டேய், ரோட்டை விட்டு இறங்கடா!” வானத்தில் கிபிர் இரைந்துகொண்டு வந்தது. ரோட்டில் நிற்பவன் விமானத்துக்குத் தெரிவான், காட்டுக்குள் இறங்கியவன் தப்புவான் என்பதுதான் அந்த நாட்களின் பாடம். சைக்கிளைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு மரங்களுக்குள் பாய்ந்தோம்.

தகப்பனும் மகளும் ஒரே வீதியில் ஒரே ஆளுக்கு எதிரெதிரான புத்தி சொன்னார்கள். இரண்டும் சரியான புத்தி. 28 வருடத்தில் வன்னிக்கு என்ன நடந்தது என்று யாராவது என்னைக் கேட்டால், இந்த இரண்டு வசனங்களைத்தான் சொல்வேன்.

*

அவளுடைய தகப்பன், என் அண்ணா, என் பெரியம்மாவின் மகன். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. சில மாதங்களில் கிளாலியில் வள்ளமேறி வன்னிக்கு வந்தோம். மல்லாவிப் பக்கம் பெரியம்மாவின் வளவில் ஒரு கொட்டில் போட்டுத் தந்தார்கள். கிடுகு மேய்ந்து, களிமண் மெழுகி, பின்பக்கம் பங்கர் வெட்டிய வீடு. அண்ணாவுக்கு அப்போது பத்தொன்பது. ஒரு லுமாலா சைக்கிள் வைத்திருந்தார். அதன் பின் கரியரில் இருந்துதான் நான் வன்னியைப் படித்தேன்.

1999 இல் நான் கனடாவுக்குப் போனேன். அண்ணா வன்னியிலேயே இருந்தார், கல்யாணம் கட்டினார். சமாதான காலத்தில், 2002 இல், மகள் பிறந்தாள். 2009 இல் மூவரும் முள்ளிவாய்க்கால்வரை போய் உயிரோடு வெளியே வந்தார்கள். செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்து, பிறகு ஊருக்குத் திரும்பினார்கள். திரும்பிய அடுத்த வருடம் விறகு வெட்டப் போன இடத்தில் அண்ணாவின் இடக்கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. போர் முழுக்கத் தப்பிய கால், போர் முடிந்த பிறகு, தனக்கு நன்றாகத் தெரிந்த காட்டில் போனது.

2024 மே மாதம் நான் போய் இறங்கியபோது, “உன்னைச் சுத்திக் காட்ட எனக்குத்தான் ஆசை. ஆனா ஏலாது. பிள்ளை கூட்டிக்கொண்டு போவாள், அவளுக்கு எல்லாம் தெரியும்” என்றார். விடிய ஐந்தரைக்கு முற்றத்து மணலில் தடியால் ஒரு வட்டம் கீறினார். மாங்குளம், ஒட்டுசுட்டான், முள்ளியவளை, வற்றாப்பளை, முல்லைத்தீவு, வட்டுவாகல், புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி, திரும்ப மாங்குளம். ஒவ்வொரு பெயருக்கும் தடியால் ஒரு குத்து. மகள் கைபேசியில் வரைபடத்தைத் திறக்கவேயில்லை. மணலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஸ்கூட்டியைத் தள்ளினாள்.

இப்படி ஒரு பயணத்துக்கு ஆசை எனக்கு வந்தது கம்போடியாவில். அங்கோர் கோயில்களைப் பார்க்க சியம் ரீப்புக்குப் போயிருந்தபோது, ஒருநாள் கிராமங்களைக் காட்ட ஒரு உள்ளூர் இளைஞர் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். பனை மரம், வயல் வரம்பு, எருமை, செம்மண் புழுதி. கண்ணை மூடித் திறந்தால் வன்னி. ஒரு வயலருகே நிறுத்தி, தன் குடும்பத்தில் கெமர் ரூஜ் காலத்தில் யார் யார் போனார்கள், எந்தப் பக்கம் மிதிவெடி இருந்தது, அதை யார் எடுத்தார்கள் என்று மெல்லிய குரலில் சொன்னார். மன்னர்கள் கட்டிய கோயிலைவிட அந்த வயலருகே கேட்டது என்னோடு கூட வந்தது. என் மண்ணை எனக்கு இப்படி யார் காட்டுவார்கள் என்று அன்றிரவு நினைத்தேன்.

வன்னியில் ‘வழிகாட்டி’ என்ற சொல் புழக்கத்தில் இல்லை. ‘பாதை தெரிஞ்ச ஆள்’ என்பார்கள். காட்டுக்குத் தேன் எடுக்கப் போனாலும், இடம்பெயர்ந்து இரவில் நடந்தாலும், முன்னுக்குப் போகிறவர் பாதை தெரிஞ்ச ஆள். ‘பாதை’ என்று தனியாகச் சொன்னால் அது ஏ9 வீதி. “பாதை பூட்டு” என்றால் வவுனியாவுக்குப் போக முடியாது, மருந்து வராது, கடிதம் வராது. “பாதை திறந்தாச்சு” என்றால் கலியாணப் பேச்சுக்கூடத் தொடங்கும். 2002 இல் திறந்த பாதை 2006 ஓகஸ்டில் மறுபடி பூட்டிக்கொண்டது. ஒரு வீதியின் பெயரையே வாழ்வின் பெயராக வைத்திருந்த சனம் இது.

*

மல்லாவியிலிருந்து மாங்குளம் போகும் வழியில் ஒரு சின்னப் பாலத்தில் நிறுத்தச் சொன்னேன். அந்தப் பாலத்தடியில்தான் 1996 இல் அண்ணா சைக்கிளை நிறுத்தித் தன் சாரத்தை அவிழ்த்தார்.

எனக்கு மலேரியா. இடம்பெயர்ந்து வந்தவர்களை அந்த வருடங்களில் வன்னிக் காய்ச்சல் வாட்டி எடுத்தது. மத்தியானம் குளிர்ந்து நடுங்கும், பின்னேரம் கொதிக்கும், இரவு வியர்த்துக் கொட்டும். கரியரில் இருக்க முடியாமல் நான் சரிந்துகொண்டே வந்தேன். அண்ணா காற்சட்டையோடு நின்று, அவிழ்த்த சாரத்தை முறுக்கி, என் இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்துக் கட்டினார். “நித்திரை கொள்ளாத தம்பி. கதைச்சுக்கொண்டு வா. என்னெண்டாலும் கதை” என்றார். நான் பள்ளிக்கூடத்தில் படித்த ஆறுகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன். கனகராயன் ஆறு, பாலியாறு, பேராறு. அவருடைய முதுகு வியர்வையில் என் கன்னம் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாயும் நிலமுமாக நோயாளர்கள் படுத்திருந்தார்கள். குளோரோகுவின் குளிசையின் கசப்பு நாக்கில் இன்றும் வரும்.

2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடென்று அறிவித்தது. என் பெறாமகளின் வயதுப் பிள்ளைகளுக்கு அந்த நடுக்கம் என்னவென்று தெரியாது. வன்னியில் ‘அன்றைக்கும் இன்றைக்கும்’ என்று சொல்ல நல்லதாக ஒன்று வேண்டுமென்றால் நான் இதை முதலில் சொல்வேன். வீடு வீடாக மருந்தடித்தவர்களும், விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் பூசியவர்களும் செய்த வேலை அது. அவர்களுக்கு எங்கும் சிலை இல்லை.

“இப்ப உங்களைக் கட்டிக்கொண்டு ஓடத் தேவையில்லை. ஆனா இறுக்கிப் பிடியுங்கோ, சோளகம் தள்ளும்” என்றாள். மே மாதத்துச் சோளகக் காற்று வெளியான இடங்களில் ஸ்கூட்டியைப் பக்கவாட்டில் உந்தியது. நேராக வைத்திருக்க அவள் தோளைச் சற்றே சாய்த்து ஓட்டினாள். வீதி நல்ல காப்பெற் வீதி. எதிரே சேலையுடுத்திய ஆசிரியைகள் ஸ்கூட்டியில் வந்தார்கள், முன்னுக்கு ஒரு பிள்ளை நின்றபடி, பின்னுக்கு ஒரு பிள்ளை புத்தகப் பையோடு.

அந்த நாளில் இந்த வீதியில் எஞ்சின் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்போம். பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. சூடாகாத எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது என்பதால், எங்கோ சேர்த்து வைத்த பெற்றோலில் சில துளிகளை ஊசிக் குழாயால் விட்டு உதைப்பார்கள். பிடித்துக்கொண்டால் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஓடும். இரவில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துக் கொஞ்ச எண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். செய்தி முடியும்வரை ஒருவர் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை.

2022 இல் முழு இலங்கையும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. கியூஆர் அட்டை காட்டி வாரத்துக்குச் சில லீற்றர். கொழும்பில் சனம் தவித்தபோது, அண்ணா தொலைபேசியில், “இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம் தம்பி. பரணில கிடந்த சைக்கிளை இறக்கித் துடைச்சு வைச்சிருக்கிறன், பிள்ளை வேலைக்குப் போக” என்றார். தன்னால் இனி ஓட்ட முடியாத சைக்கிளுக்கு அவர் எண்ணெய் விட்டு, ரயர் மாற்றி, மகளிடம் கொடுத்திருக்கிறார்.

*

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, கற்சிலைமடுவில் நிறுத்தினாள். “இதில அப்பா கட்டாயம் நிப்பாட்டச் சொன்னவர்.”

1803 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். அதே வருடம் ஒக்ரோபர் 31 இல் வொன் டிரிபேர்க் என்ற அதிகாரியின் படை அவனை இந்தப் பக்கத்தில் முறியடித்தது. வென்றவர்கள் அதை ஆங்கிலத்தில் ஒரு கல்லில் வெட்டி நட்டார்கள். இடமும் பெயரும் திகதியும் கொண்ட சிறிய கல் அது. ஆனால் வன்னியில் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர் டிரிபேர்க் அல்ல. வென்றவன் நட்ட கல் தோற்றவனின் பெயரைத்தான் காத்துக் கொடுத்தது. நாடகமாகவும் கதையாகவும் சிலையாகவும் பண்டாரவன்னியன்தான் நிற்கிறான்.

வன்னியின் ஊர்ப் பெயர்களையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். குளம், மடு, மோட்டை, முறிப்பு, ஓடை என்று முடியும் பெயர்கள் எல்லாம் தண்ணீரின் கணக்கு. ஒட்டுசுட்டானின் கதையை ஸ்கூட்டியில் இருந்தபடியே சொன்னாள். குரக்கன் வெட்டிய பின் நின்ற ஒட்டுக்கு ஒரு கமக்காரன் நெருப்பு வைத்தபோது ஒரு இடம் மட்டும் எரியவில்லை, அங்கே இலிங்கம் இருந்தது, அதுதான் தான்தோன்றீஸ்வரர். ஊர்ப் பெயருக்குள் பயிர், நெருப்பு, சாமி மூன்றும் இருக்கின்றன. எனக்கு இதே வீதியில் இதே கதையை அவளுடைய தகப்பன் சொன்னார். நானும் அவரும் முல்லைத்தீவுக் கரையில் கருவாடு வாங்கி மல்லாவியில் விற்கப் போன பயணம் அது. ஏற்றம் வரும் இடங்களில் இறங்கித் தள்ளுவோம். தள்ளும்போதுதான் கதை வரும். ஸ்கூட்டி ஏற்றத்தில் நிற்பதில்லை. ஆனாலும் அவள் அந்த இடங்களில் வேகத்தைக் குறைத்துக் கதை சொன்னாள்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலில் கொஞ்ச நேரம் இருந்தோம். வைகாசிப் பொங்கலுக்கு இங்கே கடல் நீரில் விளக்கெரியும். மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவியாக வந்த அம்மன், எண்ணெய் இல்லை என்றதும் கடல் நீரை அள்ளி விளக்கேற்றச் சொன்னாள் என்பது கதை. எண்ணெய் இல்லாத வருடங்களில் பெரியம்மா அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் ஜாம் போத்தல் விளக்கை ஊதி அணைப்பார். “அவளுக்குத் தெரியும் எங்கட நிலைமை” என்பார். நந்திக்கடலின் கரையில், தலைமுறை தலைமுறையாக, இல்லாமையோடு வாழ்ந்தவர்களின் தெய்வம் அவள். கோயில் மண்ணில் கால் வைத்தபோது பெறாமகளும் நானும் செருப்பைக் கழற்றினோம். அன்று முழுவதிலும் வெறுங்காலோடு நான் மண்ணை மிதிக்க அவள் விட்ட இடம் அதுதான்.

*

வட்டுவாகல் பாலம் தண்ணீருக்குக் கிட்டவாக, ஒடுக்கமாக, நீளமாகக் கிடக்கிறது. முல்லைத்தீவுப் பக்கத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நடந்து போகலாம் என்றாள். இரு பக்கமும் நந்திக்கடல். இறால் வலைக் கம்புகளில் கொக்குகள்.

“எனக்கு ஏழு வயசு. நாங்கள் அந்தப் பக்கத்தால வந்தனாங்கள். தண்ணியைப் பாக்காதை, பாலத்துக் கட்டையளை எண்ணிக்கொண்டு வா எண்டு அம்மா சொன்னவ. எண்ணிக்கொண்டுதான் வந்தனான். நடுவில சனம் நெருக்கி ஒராள் விழுந்தவர், எண்ணம் விட்டுப்போச்சு.”

சிறிது தூரம் நடந்த பிறகு, “பிறகு எத்தினையோ தரம் வந்திட்டன். ஒருக்காலும் எண்ணி முடிச்சதில்லை” என்றாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. 2009 மே மாதத்தில் அந்தப் பாலத்தால் வந்தவர்களைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய சனம் முள்வேலிக்குள் இருந்தது. முகாமின் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்தகுமாரசாமி என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர்கள். இவள் முதலாம் வகுப்பைப் படித்தது அந்தப் பெயர்களில் ஒன்றின் கீழ், ஒரு தரப்பாளுக்குள். மெனிக்பாம் முழுமையாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில்.

முள்ளிவாய்க்கால் பக்கம் வீதியோரத்தில் ஒரு பானையை அடுப்பில் ஏற்றிக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மே மாதத்தில் தமிழர் வாழும் ஊர்களில் எல்லாம் இந்தக் கஞ்சி கொடுக்கப்படுகிறது. பாலும் இல்லை, பயறும் இல்லை. அரிசி, தண்ணீர், உப்பு. கடைசி மாதங்களில் அங்கே கிடைத்தது அவ்வளவுதான். ஒரு வயதான அம்மா சிரட்டையில் வார்த்து என் கையில் வைத்தார். “எந்த ஊர் ராசா?” என்று கேட்டார். கனடா என்று சொல்ல வாய் வரவில்லை. “மல்லாவி” என்றேன். என் பெறாமகள் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் சிரட்டையைக் குனிந்து குடித்தாள்.

புதுக்குடியிருப்புக்குப் போகும் வழியில் தண்ணீருக்கு நடுவே கையில் துப்பாக்கியோடு பெரிய படைவீரன் சிலை நிற்கிறது. கிளிநொச்சி நகரில் பெரிய கொங்கிறீற் கட்டியை ஒரு சன்னம் துளைக்க அதன் மேல் தாமரை மலர்வதுபோல இன்னொரு நினைவுச்சின்னம். போர் முடிந்த கையோடு தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாகச் சனம் வந்து இவற்றைப் பார்த்தது. சரிந்து கிடந்த கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கியின் பக்கத்தில் நினைவுப் பொருட்கள் விற்கும் கடைகூட இருந்தது. வந்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தங்கள் பிள்ளைகளை இந்த மண்ணில் பறிகொடுத்த தாய்மார் அவர்களுக்குள்ளும் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்களுக்கு வன்னியைச் சொன்னது கல்லும் பலகையும். ஒரு வீட்டுக்குள் போய் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்து, “உங்களுக்கு என்ன நடந்தது?” என்று கேட்க அந்தப் பயணத்தில் இடமில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். வன்னிச் சனம் வாசலில் வந்தவரைத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பாது.

*

விசுவமடுவில் இளநீர் குடிக்க நின்றபோது அவளுடைய கைகளைப் பார்த்தேன். உள்ளங்கையின் அடிப்பகுதி காய்த்திருந்தது.

அவள் மிதிவெடி அகற்றும் வேலை செய்கிறாள். வன்னியிலும் முகமாலைப் பக்கத்திலும் இந்த வேலையில் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். போரில் கணவனை இழந்தவர்கள், தனியாகக் குடும்பம் நடத்துகிறவர்கள், இவளைப்போல மிதிவெடியில் கால் இழந்தவரின் பிள்ளைகள். விடியப் புறம் வாகனம் வந்து ஏற்றிக்கொண்டு போகும். மார்புக்கவசம், முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு. முழங்காலில் இருந்து, தனக்கென்று விட்ட ஒடுக்கமான பாத்தியில், வாரியால் மண்ணை மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்துப் பார்க்க வேண்டும். எப்படி என்று கேட்டேன். குரும்பையை ஓரமாக வைத்துவிட்டு, கடை வாசல் மணலில் மூன்று விரலை வளைத்து இழுத்துக் காட்டினாள். முதலில் மேல் மண், பிறகு அதன் கீழ் மண். இழுத்து, நிறுத்தி, பார்த்து, மறுபடி இழுத்து. ஒரு வேர் தட்டுப்பட்டாலும் கை நின்றுவிடும்.

“வேலையில முதல் பழக்கினது பொறுமைதான் சித்தப்பா. அவசரப்பட்டா ஒரு சாணும் போகேலாது. ஒரு நாளில முடிக்கிறது கொஞ்சத் துண்டுதான். ஆனா அந்தத் துண்டில ஆரும் நடக்கலாம்.”

“என்ன வகை வெடி வரும்?”

“பி-4 தான் கூட. ஜொனியும் வரும். ஆர் தாட்டதெண்டு மண் சொல்லாது. எடுக்கிறதுதான் எங்கட வேலை.”

இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 டிசெம்பரில். அவளுடைய தகப்பனின் கால் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு. இரண்டு தரப்பும் தாட்டவற்றை எடுத்துக்கொண்டிருப்பவர்கள், தாட்ட காலத்தில் பால்போத்தலோடு திரிந்த பிள்ளைகள். வன்னியை எனக்குக் காட்ட இவளைவிடத் தகுதியானவர் யார்? அண்ணாவுக்குக் காட்டின் பாதைகள் தெரியும். மகள் அந்தப் பாதைகளை மறுபடி நடக்கத் தக்கதாக்கிக்கொண்டிருக்கிறாள். “அவளுக்கு எல்லாம் தெரியும்” என்று அவர் சொன்னதன் பொருள் எனக்கு அந்த இளநீர்க் கடையில்தான் விளங்கியது.

பொழுது சாயும் நேரம் இரணைமடுக் கட்டில் ஏறினோம். மழைக்காலத்தில் வான் பாயும்போது சனம் திரண்டு பார்க்கும் குளம். கீழே சிறுபோக நெல் பச்சையாக நின்றது. அண்ணா தொலைபேசி எடுத்தார். “எங்க நிக்கிறியள்?” “இரணைமடு.” “தண்ணி எவ்வளவு?” குளத்தில் எவ்வளவு தண்ணீர் என்று அவள் விபரமாகச் சொன்னாள். மல்லாவியில் இருப்பவருக்கு இரணைமடுத் தண்ணீரால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் வன்னியில் ஒருவர் குளத்தடியில் நின்றால் மற்றவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

கடைசியாக முறிகண்டி. பாதை பூட்டியிருந்த காலத்தில் இந்தப் பிள்ளையாருக்கு முன்னால் லொறிகளும் பேருந்துகளும் நின்றதில்லை. எங்கள் சைக்கிள்கள்தான் நின்றன. இப்போது கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வாகனங்கள் வரிசையாக நிற்கின்றன. தேங்காய் உடைகிறது, கச்சான் சுருள் கை மாறுகிறது, கும்பிட்டுவிட்டு ஏறிப் போகிறார்கள். 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயிலும் வந்துவிட்டது. நாங்கள் ஒரு சுருள் கச்சான் வாங்கி அண்ணாவுக்கு எடுத்துவைத்தோம். பாலைப்பழம் ஏற்கெனவே ஸ்கூட்டியின் பெட்டிக்குள் இருந்தது.

வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. அண்ணா திண்ணையில் பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் சாத்திவிட்டு இருந்தார். பழத்தை வாங்கி மணந்து பார்த்தார். “எந்த மரத்தடி?” என்று மகளைக் கேட்டார். அவள் சொன்னாள். “ரோட்டுக் கரைதானே?” “ஓம் அப்பா.” அதற்குப் பிறகுதான் வாயில் போட்டார். முற்றத்தில் விடியற்காலை அவர் கீறிய வட்டம், மாடு மிதித்தும் கோழி கிளறியும், பாதி அழிந்து கிடந்தது.

இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணத்துக்கு நீங்கள் அடிக்கடி போகிறீர்கள். நல்லூருக்குப் போகிறீர்கள், நெடுந்தீவுக்குப் போகிறீர்கள். போகும் வழியில் வன்னி உங்களுக்கு ஒரு சுருள் கச்சானும் இரண்டு மணி நேரக் காடும். அடுத்த முறை மாங்குளத்தில் இறங்குங்கள். பாதை தெரிந்த ஒருவரைத் தேடுங்கள், அவருடைய ஸ்கூட்டிக்குப் பெற்றோலும் அவருடைய நாளுக்குக் கூலியும் கொடுங்கள், பின்னால் ஏறி இருங்கள். அவர் நிறுத்தும் இடத்தில் நில்லுங்கள், சொல்வதைக் கேளுங்கள், சொல்லாததைத் தோண்டாதீர்கள். ரோட்டை விட்டு இறங்காதேங்கோ என்று அவர் சொன்னால் இறங்காதீர்கள். அந்த ரோட்டின் ஓரத்தை, முழங்காலில் இருந்து, சாண் சாணாகத் துப்புரவாக்கி உங்களுக்குத் தந்துகொண்டிருப்பவர்கள் அவர்கள்தான்.